வன்னியில் பறவை பார்ப்பதும் படம் எடுப்பதும்: எந்தக் குளம், எந்த மாதம், எந்தக் கமரா?

மல்லாவித் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். வேலை கிளிநொச்சியில், வீடு மல்லாவியில். வார விடுமுறையில் வவுனிக்குளக் கட்டில் சும்மா போய் நிற்கிற பழக்கம் எனக்கு முந்தியே உண்டு. இப்போது அது பறவை பார்க்கிற பழக்கமாக மாறிவிட்டது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா என்று பெயர் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். சிக்கல் படத்தில்தான். போனில் எடுத்தால் ஒரு வெள்ளைப் புள்ளி, பெரிதாக்கினால் ஒரு வெள்ளைச் சதுரம்.

கனடாவில் இருக்கிற அண்ணா ஓகஸ்டில் வருகிறார், கமரா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதைச் சொல்லிவிடலாம்? எந்தக் குளத்துக்கு எந்த மாதம் போகலாம்? பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் யாராவது மறிப்பார்களா? தயவுசெய்து யால, குமண என்று சொல்லாதீர்கள். இங்கேயே சுற்றத்தான் விருப்பம்.

குளக்கட்டு:

தம்பி, கமராக் கதையை மற்றவர்கள் சொல்லுவார்கள். உம்முடைய இரண்டாவது கேள்விதான் வன்னியில் முதல் கேள்வி, ஆனால் கேட்ட விதத்தைக் கொஞ்சம் மாற்றவேண்டும். எந்தக் குளம் என்று கேட்காதேயும். அந்தக் குளத்தில் இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேளும்.

ஜனவரியில் இரணைமடு நிரம்பி நிற்கும்போது போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். நீர்க்காகம் நீந்தும், அதிர்ஷ்டம் இருந்தால் விராலடிப்பான் காலில் மீனோடு தலைக்கு மேலே போகும். அவ்வளவுதான். அலைகரை, அதாவது கட்டுக்கு எதிரே தண்ணீர் ஏறி இறங்குகிற கரை, முழுக்க மூழ்கிக் கிடக்கும், கால் ஊன்ற இடமில்லாமல் நாரையும் உள்ளானும் வேறெங்கோ போயிருக்கும். அதே குளத்துக்குச் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, தண்ணீர் திறந்து முடிந்தபிறகு, ஓகஸ்ட் செப்டெம்பரில் போய்ப் பாரும். தண்ணீர் பின்வாங்கி, அலைகரை சேறாகி, மிச்ச மீனெல்லாம் பள்ளங்களுக்குள் நெருங்கியிருக்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், நாரை, பெரிய கொக்கு, சின்னக் கொக்கு எல்லாம் ஒரே மடுவைச் சுற்றி நிற்கும்.

இன்னொன்று. இரணைமடுவில் வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளம் நீரேரிக்குத்தான் போகிறது. நீரேரி ஆழமாகிவிட்டால் நின்று மேய்கிற பறவை அங்கே நிற்காது. ஆகவே வான்கதவுச் செய்தி வந்தவுடன் சுண்டிக்குளத்துக்கு ஓடவேண்டாம். மழை விட்டு, பெப்ரவரி மார்ச்சில் நீரேரி இறங்கத் தொடங்கும். அப்போது போம். 1938 முதல் அது பறவைச் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

குளம் நிறைந்திருக்கிற மாதங்களில் பறவை எங்கே என்றால், வயலில். அதைக் கனபேர் கவனிப்பதில்லை.

பேசாலையான்:

குளக்கட்டு அண்ணை சொன்னது மன்னாருக்கும் அப்படியே பொருந்தும். எங்கள் பக்கம் வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. 2008 இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2010 இல் உலக முக்கிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெருநிலத்தில் இருந்து தீவுக்கு வருகிற பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர். காலையில் மேற்கே பார்த்தும் பின்நேரம் கிழக்கே பார்த்தும் எடுக்கலாம், எந்த நேரமும் வெயில் முதுகுப்பக்கம். இப்படி வசதியான இடம் இலங்கையில் குறைவு.

பூநாரை எப்போது வரும் என்று எல்லோரும் திகதி கேட்கிறார்கள். திகதி கிடையாது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு வடித்துத் தின்கிற பறவை அது. ஆழம் சரியாக இருக்கவேண்டும். மழை குறைந்த வருடம் முந்தி வரும், மழை கூடினால் தாமதிக்கும். வந்தால் ஆயிரக்கணக்கில் நிற்கும். பூநாரையை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். அதே தண்ணீரில் ஊசிவால் தாரா கூட்டம் கூட்டமாக மிதக்கும், பட்டைவால் மூக்கன் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காலை எட்டரைக்குப் பிறகு கானல் எழும்பிவிடும். நீரேரிக்கு மேலே காற்று நெளியும்போது எந்த விலை லென்ஸும் ஒன்றுதான், படம் கரைந்துபோய்த்தான் வரும். லென்ஸ் பிழை என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். கானல் தொடங்கினால் தூரத்துப் பறவையை விட்டுவிட்டுக் கரையோரம் கிட்ட நிற்கிறதைப் பாருங்கள். அல்லது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

ஒளிப்பெட்டி:

சரி, கமரா. தம்பிக்கு இரண்டு வழி இருக்கிறது.

நிக்கோன் பி950 போன்ற, லென்ஸ் கழற்றமுடியாத நீள்சூம் கமரா ஒன்று. 83 மடங்கு சூம், 2000 மில்லிமீற்றருக்குச் சமமான நெருக்கம், நிறை ஏறத்தாழ ஒரு கிலோ. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அருமையான சாமான். ஆனால் உள்ளே சென்சர் மிகச் சின்னது. விடியற்காலை மங்கல், மரநிழல், பறக்கிற பறவை, இந்த மூன்றிலும் திணறும்.

மற்றது, லென்ஸ் மாற்றக்கூடிய பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 150-600 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும். ஏபிஎஸ்-சி, அதாவது முழு அளவைவிடச் சிறிய சென்சர் என்றால் 600 ஏறத்தாழ 900 போல நெருங்கும். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்குக் கிட்ட. கை உளையும். ஆனால் பஞ்சுருட்டான் கம்பியில் இருந்து எழும்பித் தும்பியைப் பிடிக்கிற அந்தக் கணம் இதில்தான் கிடைக்கும்.

எதை வாங்கினாலும் பறக்கிற பறவைக்கு ஷட்டர் 1/2000 செக்கனுக்குக் கீழே இறங்கவேண்டாம். வெள்ளைக் கொக்கு கறுத்த தண்ணீருக்கு முன்னால் நின்றால் கமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வரியெல்லாம் வெளுத்துப்போகும். ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். முகில் வானத்தில் பருந்து என்றால் மறுவளமாக ஒரு ஸ்டொப் கூட்டுங்கள்.

இன்னும் முக்கியமானது, கட்டுக்கு மேலே நின்று கீழ்நோக்கி எடுக்காதீர்கள். இறங்கி, குந்தி, முடிந்தால் படுத்து, பறவையின் கண் மட்டத்துக்குப் போங்கள். பின்னால் இருக்கிற சேறும் பற்றையும் கலங்கிப் பச்சையாக வரும், பறவை மட்டும் எடுப்பாக நிற்கும். ஒரு சின்னச் சாக்கில் அரைவாசிக்கு மணல் போட்டு லென்ஸுக்குக் கீழே வைத்தால் முக்காலி தேவையில்லை.

குளக்கட்டு:

கமராவுக்கு முதல் ஒரு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குகிற, முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) பைனாகுலர் வாங்கட்டும். கமராக்காரரை நான் பார்த்திருக்கிறேன். பாம்புத்தாரா மீனைக் குத்தி எடுத்து, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். அந்த நேரம் இவர்கள் முதல் எடுத்த படம் கூர்மையாக வந்ததா என்று பின்திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒளிப்பெட்டி:

அண்ணை, உங்களோடு பாதிதான் ஒத்துப்போவேன். உள்ளான் இனங்களைப் பைனாகுலரில் பார்த்து நீங்கள் பிரிப்பீர்கள், உங்களுக்கு வருடக்கணக்கில் கண் பழகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு எல்லாம் ஒரே மண்ணிறக் குருவி. படத்தை இரவு வீட்டில் வைத்துப் பெரிதாக்கி, கால் மஞ்சளா பச்சையா, புருவக்கோடு கண்ணைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் நானெல்லாம் படித்தேன். எனக்குக் கமராதான் பள்ளிக்கூடம்.

குளக்கட்டு:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பைனாகுலர் இல்லாமல் அந்த உள்ளான் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்?

காலபோகம்:

கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவன் நான். வாசித்துக்கொண்டு வந்தேன், ஒன்று சொல்லவேண்டும் போல இருந்தது. நீங்கள் மயில் ஆடுகிற படம் போட்டு விருப்பம் வாங்குகிறீர்கள். அந்த மயில் விடிய எங்கள் நெல்லுக்குள் நடந்து, தின்றது கொஞ்சம் சரித்தது அதிகம் என்று விட்டுப்போகிறது. கதிர் பால் பிடிக்கிற நேரம் கிளியும் நெல்லுக்குருவியும். வரம்பில் நடந்து படம் எடுக்க வருகிறவர்கள் வரம்பை உடைத்துவிட்டுப் போன கதையும் உண்டு.

எல்லாப் பறவையும் எதிரி என்று சொல்லவில்லை. உழவு நேரம் ரக்டருக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் கரிக்குருவியும் புழு பொறுக்கும், செம்பருந்து மேலே வட்டமிடும். நத்தைகுத்தி நாரை வயலுக்குள் இறங்கினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பறவைகளுக்குச் சாப்பாடு போடுகிறவன் யார் என்பதையும் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.

குளக்கட்டு:

ஐயா, நியாயமான பேச்சு. வயலுக்குள் இறங்க முதல் வயற்காரரிடம் கேட்கவேண்டும், வயலில் பச்சை நெல் இருக்கும்போது இறங்கவே கூடாது. நான் சொன்ன தண்ணீர்க் கணக்கும் உங்கள் கணக்குத்தான். குளம் திறக்கிற நாள், உழவு நாள், வெட்டு நாள் எல்லாம் உங்களைக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். அருவியாற்றை தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது நெல்லுக்காக. 1954 இல் அதே குளத்தைப் பறவைச் சரணாலயம் ஆக்கினார்கள். தாமரை இலைக்கு மேலே நீளவால் இலைக்கோழி நடக்கிறதும் நீங்கள் விளைவிக்கிறதும் ஒரே தண்ணீரில்தான்.

மயிலுக்கு என்னிடம் பதில் இல்லை.

காலபோகம்:

பதில் யாரிடமும் இல்லை தம்பி. உழவு தொடங்கும்போது சொல்லிவிடுகிறேன், வாருங்கள். தேத்தண்ணி தருவேன்.

ரீச்சர் அக்கா:

இடையில் ஒரு விஷயம். ஒக்ரோபர் தொடங்கினால் எங்கள் பள்ளிக்கூடப் பக்கம் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை ஆறுமணிக்குருவியைக் கையில் பொத்திக்கொண்டு வரும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றில் சிவப்பு, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து இங்கே வருகிறது. களைத்துப்போய் விடியப்புறம் வீட்டுக்குள், விறாந்தையில், கிணற்றடியில் விழும். சுவரில் மோதி விழுவதும் உண்டு.

கிடைத்தால் செய்யவேண்டியது சுகமான வேலை. காற்றுத் துளை போட்ட மட்டைப்பெட்டிக்குள் வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள், செல்பி வேண்டாம். பின்நேரம் பற்றைக்குக் கிட்ட, பூனையும் காகமும் இல்லாத இடத்தில் பெட்டியைத் திறந்தால் அது தன் பாட்டில் போய்விடும்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் வருவது அழகைப் பார்த்து இல்லை, தூரத்தைக் கேட்டு. பேசாலையான் சொன்ன பட்டைவால் மூக்கனின் இனத்தில் ஒன்று, பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு, 2022 இல் அலாஸ்காவில் இருந்து தாஸ்மேனியா வரை 11 நாட்கள் இறங்காமல் 13,560 கிலோமீற்றர் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இதைச் சொன்ன அன்றைக்கு வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “ரீச்சர், அது எப்போ நித்திரை கொள்ளும்?” நல்ல கேள்வி. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி மாட்டிய கடற்காகம் வட ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதையும் சொன்னேன். அதற்குப் பிறகு மன்னார் பிள்ளைகளுக்கு உலகப்படத்தில் ஒரு தனி மரியாதை.

புதுக்கமரா:

நானும் இதே பக்கம்தான், முல்லைத்தீவு. போன மாதம் எடுத்த படம் ஒன்று போடுகிறேன், ஆட்காட்டி முட்டை நாலு, வெறும் தரையில். எவ்வளவு கிட்டப் போய் எடுத்திருக்கிறேன் பாருங்கள். இடம் வேண்டுமென்றால் சொல்கிறேன்.

ஒளிப்பெட்டி:

படம் கூர்மையாக இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள், இடத்தையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஏன் என்று கோபிக்காமல் கேளுங்கள். ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா எல்லாம் வெட்டையில் முட்டை போடுகிறவை. வெயில் ஏறினால் தாய்ப்பறவை முட்டையில் இருப்பது சூடாக்க அல்ல, நிழல் கொடுக்க. வயிற்றை நனைத்து வந்து குளிர்ப்பதும் உண்டு. நீங்கள் கிட்ட நின்ற நேரம் முழுக்க அது தள்ளி நின்று கத்தியிருக்கும், முட்டை அந்த நேரம் வெயிலில் கிடந்திருக்கும். இங்கத்தைய மத்தியான வெயிலில் அது போதும் கரு சாக. நீங்கள் எங்கே குனிந்து பார்க்கிறீர்கள் என்று காகமும் பார்த்துக்கொண்டு இருக்கும்.

புதுக்கமரா:

யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. எடுத்துவிட்டேன். அப்போ கூடுகட்டுகிற பறவையை எடுக்கவே கூடாதா?

ரீச்சர் அக்கா:

தூக்கணாங்குருவியை எடுங்கள். பனை ஓலை நுனியில், தண்ணீருக்கு மேலே தொங்கப்போட்டு, ஆண்குருவி நாரைக் கிழித்து வந்து முடிச்சுப் போடுகிறதை வாய்க்கால் இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். உங்களால் அதற்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. பெண்குருவி வந்து பரிசோதித்துவிட்டுப் பிடிக்காமல் போகும், ஆண்குருவி பாதியில் விட்டுவிட்டு இன்னொரு கூடு தொடங்கும். ஒரு பின்னேரம் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அலுக்காது.

குரல் ஓடவிட்டுப் பறவையைக் கூப்பிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டு ஓடிவரும். அதுவும் வேண்டாம்.

பேசாலையான்:

தம்பியின் மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. நீண்ட லென்ஸைத் தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு அது என்ன சாமான் என்று தெரியாது. முகாம் வேலி, காவலரண், துறைமுகம் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். யாராவது மறித்தால் எடுத்த படங்களைக் காட்டுங்கள், கொக்கையும் குருவியையும் கண்டபிறகு பெரும்பாலும் சிரித்துவிட்டு விடுவார்கள். எனக்கு ஒருமுறை நேரம் போனது. ஆனால் கடைசியில் அந்தப் பையன் தன் ஊர்க் குளத்துப் பறவைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான்.

கண்ணிவெடி என்று எச்சரிக்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்காதீர்கள், அந்தப் பக்கம் எந்தக் குருவி இருந்தாலும். பலகை இல்லாவிட்டாலும் ஆள் நடக்கிற பாதையை விட்டு இறங்காமல் இருப்பதே புத்தி. முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கம் யானை இருக்கிறது. காட்டுக்கோழியும் இருவாச்சியும் பார்க்கத்தான் அங்கே போவீர்கள், இருட்ட முதல் வெளியே வந்துவிடுங்கள்.

தூரதேசம்:

நான் நோர்வேயில் இருக்கிறேன், ஊர் விசுவமடு. நந்திக்கடல் என்று எழுதினாலே எனக்கு வேறு ஞாபகம்தான் வரும், பலருக்கும் அப்படித்தான். போன முறை வந்தபோது அந்தப் பாலத்தில் நின்று கூழைக்கடாக்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தேன். என்ன நினைப்பது என்று தெரியவில்லை, ஆனால் நீண்டநேரம் நின்றேன். சரி, அது கிடக்கட்டும். எனக்கு லீவு ஓகஸ்டில் மட்டும்தான். அந்த மாதத்தில் ஏதாவது இருக்குமா, இல்லை வெயிலா?

குளக்கட்டு:

வெயிலும் இருக்கும், பறவையும் இருக்கும். தூர தேசத்துத் தாராக்கள் இராது, அவற்றுக்கு நவம்பர் ஆகும். ஆனால் மேலே எழுதியதைப் பாருங்கள், வற்றுகிற குளத்துக்கு ஓகஸ்ட்தான் நேரம். உடையார்கட்டுக் குளம், கல்மடுக் குளம் இரண்டும் உங்கள் வீட்டுக்குக் கிட்ட. தண்ணீர் எந்த மூலையில் கடைசியாக நிற்கிறது என்று அங்கே மீன்பிடிக்கிறவர்களைக் கேளுங்கள், விடிய ஆறு மணிக்கு அங்கே இருங்கள். மாதக் கடைசியில் வடக்கில் இருந்து முதல் உள்ளான்களும் வந்துவிடும்.

நந்திக்கடல் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி.

மல்லாவித் தம்பி:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணாவிடம் பேசினேன். அவர் வர இன்னும் மாதங்கள் இருப்பதால் பைனாகுலரை இப்போதே இங்கே வாங்குகிறேன், பி950 ஓகஸ்டில். ஒளிப்பெட்டி அண்ணா மன்னிக்கவேண்டும், இரண்டு கிலோவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு துணுக்காய் றோட்டில் போக எனக்குத் துணிவில்லை.

ஒளிப்பெட்டி:

நல்ல முடிவு. சிலிக்கா ஜெல் பைக்கற் இரண்டு மூன்று பைக்குள் போட்டு வையும், மாரியில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு நீரே கமராவை மாற்றுவீர், அது வேறு கதை.

ரீச்சர் அக்கா:

தம்பி, ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அதற்கு உதவ ஆள் தேவைப்படும், எண்ணப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாக நிற்கிறதை ஒவ்வொன்றாக எண்ணவே வராது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்து, அப்புறம் அந்த அளவால் கூட்டத்தை அளக்கவேண்டும். ஆயிரத்துக்கு மேலே என்றால் நூறு நூறாக. என் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

மல்லாவித் தம்பி:

வருகிறேன் ரீச்சர். இந்தச் சனிக்கிழமை வவுனிக்குளத்தில் பத்துப் பத்தாக எண்ணிப் பழகலாம் என்று இருக்கிறேன்.

குளக்கட்டு:

வவுனிக்குளம் நிரம்பி வான் பாய்கிறதா?

மல்லாவித் தம்பி:

முந்தாநாளில் இருந்து பாய்கிறது அண்ணை.

குளக்கட்டு:

அப்போ கட்டில் நின்று என்ன எண்ணப்போகிறீர்? கீழே வயல்பக்கம் இறங்கும். வயற்காரரிடம் கேட்டுவிட்டு.